சொல்லு என்றொரு வாத்தியம்

யார் எதைக் கேட்டாலும் “கேக்குது, கேக்குது” என்று தலையாட்டிய என் நைனாவுக்கு,

பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள். கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவள். செல்லோ வாத்தியம் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். “மரத்துல வாங்கவா, எலக்ட்ரிக் வாங்கவாக்கா? எலக்ட்ரிக்ல இன்னா வசதி?” என்று கேட்டிருக்கிறாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எடை குறைவு என்று எழுதினேன். சத்தம் வெளியே வராது என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அவளுக்கு எழுத வேண்டியதை இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்து நல்லது, நைனா. அதற்குக் காது வேண்டாம்.

நீ போன பிறகு மழைக்காலம் வந்து போய்விட்டது. கள்ளிக்குப்பத்தில் வழக்கம்போலத் தண்ணீர் நின்றது, வழக்கம்போல வடிந்தது. உன் செருப்பை அம்மா வாசலிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் வந்தபோது மட்டும் எடுத்து ஜன்னலில் வைத்தாள். வடிந்ததும் திரும்பக் கீழே வைத்தாள். துடைத்து வைத்தாள் என்று நினைக்காதே. போட்டாள். எறிந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அம்மா உன்மேல் கோபமாக இருந்தாள். இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீட்டில் செத்தவர்மேல் அழுகை இருக்கும். நம் வீட்டில் கோபம் இருந்தது. உன் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட, “வச்சிக்கோ” என்பாள், கடன்காரனிடம் பேசுவதுபோல.

அன்று காலை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உனக்குத்தான் கடைசியாகத் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்தே இருக்காது. நான் சொல்கிறேன்.

நீ பால் பாக்கெட் வாங்கக் கிளம்பினாய். தெருவில் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. நீ அதற்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாய். லாரியிலிருந்து அந்தக் கீச்சு கீச்சுச் சத்தம் வந்தது. ஹாரனும் வந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். “ந்தா!” என்று கத்தினாள். கல்யாணமான நாள் முதல் உன்னை அப்படித்தான் கூப்பிட்டாள். புருஷன் பேரைச் சொல்லாத பெண்களுக்கு இருக்கும் ஒரே பேர் அது. ந்தா.

நீ திரும்பவில்லை.

லாரி ஓட்டியவர் தெருவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். “சவுண்டு வந்துகினு தான்மா இருந்துச்சு. ஹாரனும் வுட்டேன். அவரு பாட்டுக்கு நடந்துகினு கீறாரு. நான் இன்னா பண்ணுவேன்?” அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஹாரன் அடித்தும் நீ ஏன் திரும்பவில்லை என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேட்டார், “குடிச்சிருந்தாராம்மா?”

“அவரு குடிக்க மாட்டாரு சார்,” என்றாள் அம்மா. “காதுல வாங்க மாட்டாரு. அவ்ளோதான்.”

“பேரு?”

அம்மா வாயைத் திறந்து மூடினாள். அந்த நேரத்திலும் அவளுக்கு உன் பேர் வரவில்லை. என் பக்கம் திரும்பி, “சொல்லு” என்றாள்.

நான் சொன்னேன்.

காதில் வாங்க மாட்டார். இதைவிடச் சரியாக உன்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஆனால் நம் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம். கேட்டும் கேட்காததுபோல இருப்பவன். வீம்பு பிடித்தவன். பெண்டாட்டி பேச்சை மதிக்காதவன். அம்மா அந்த அர்த்தத்தில்தான் சொன்னாள். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாள். அன்று காலை நடந்த சண்டை.

உனக்கு அது சண்டை என்றே தெரிந்திருக்காது. நசரத்பேட்டை அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள், முந்தின நாளே போகணுமா, காலையில் போனால் போதுமா? நீ “ம்” என்றாய். என்ன சீர் செய்வது? “ம்.” அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“நான் இப்ப இன்னா கேட்டேன்?”

“போலாம்,” என்றாய்.

“இன்னா செய்றதுன்னு கேட்டேன்யா! செவுத்தாண்ட பேசுனாகூட எதுனா எதிரொலி வரும். உன்னாண்ட பேசுறதுக்கு…”

நீ சிரித்தாய். சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினாய்.

“அந்தக் கோவத்துலதான் திரும்பல,” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். சாவுக்கு வந்தவர்களிடம், காரியத்துக்கு வந்தவர்களிடம், காய்கறி வண்டிக்காரரிடம். “நான் கூப்ட்டது கேட்டுச்சு. திரும்பி இருந்தா ஒதுங்கி இருப்பாரு. வீம்புக்கு உசுர வுட்டுட்டாரு.” அத்தையும் தலையாட்டினாள். “எங்கண்ணனுக்குச் சின்ன வயசுலேந்தே வீம்பு ஜாஸ்திதான் அண்ணி.”

நான் வாயைத் திறக்கவில்லை. நீ கேட்டுக்கொண்டது அப்படி.

உன் சாவுக்கு மேளம் வைத்தார்கள். நம் தெருவே முதல் முறையாக உனக்குக் கேட்கும் அளவில் சத்தம் போட்டது. அடிவயிற்றில் விழும் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நைனாவுக்கு இது கேட்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

சரி. அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன்.

அந்த வாத்தியம் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஏதோ ஒரு இசைக்குழுவில் வாசித்துவிட்டு வெளிநாடு போன ஒருவரிடமிருந்து வாங்கி, அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மரச் செல்லோவாக இருந்தால் அதற்குத் தனி ஆட்டோ வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் உயரமும் பெரிய பூசணியின் வயிறும் உள்ள பொருள் அது. நான் கொண்டுவந்ததற்கு வயிறே இல்லை. ஒரு கட்டை, நான்கு தந்தி, முட்டியிலும் மார்பிலும் சாய்த்துக்கொள்ள இரண்டு வளைவு, தரையில் ஊன்ற ஒரு கம்பி. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார், “இன்னாம்மா இது, வயலினோட எலும்புக்கூடா?”

வீட்டில் பையைத் திறந்தேன். நீ குனிந்து பார்த்தாய்.

“இன்னாது இது?”

“செல்லோ, நைனா.”

“ஆங்?”

“செல்லோ.”

“நான் இன்னாத்த சொல்றது? நாந்தான கேக்குறேன். நீ சொல்லு.”

“அதான் சொன்னேன். செல்லோ.”

“இதப் பார்றா. சொல்லு சொல்லுன்னா? நீதான வாங்கிகினு வந்த?”

அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய், எதற்கென்று தெரியாமல். நீ எப்போதும் எங்களுக்கு ஒரு நொடி பின்னால்தான் சிரிப்பாய், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு. அன்றிலிருந்து அதன் பேர் சொல்லு. “சொல்லு எடு.” “சொல்லு மேல ஈரத்துணி போடாத.” “எம் பொண்ணு சொல்லு வாசிக்குது,” என்று கம்பெனி ஆட்களிடமும் சொல்லியிருக்கிறாய்.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாளாம், “உம் பொண்ணு தெனமும் கட்டையப் போட்டு அறுத்துகினு கீதே, எப்பதான் சத்தம் வரும்?”

வராது. அதுதான் வசதி. ஒற்றைச் சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பம் வாழும் வீட்டில், கற்றுக்கொள்கிறவளின் கர்ணகடூரம் யாருக்கும் கேட்க வேண்டாம். தந்தியின் அடியில் இருக்கும் சின்னத் துண்டு அதிர்வை வாங்கி ஒயரில் அனுப்பிவிடும். ஹெட்போன் மாட்டியவருக்கு மட்டும் இசை. மற்றவர்களுக்குக் கொசு பறப்பதுபோல ஒரு உரசல்.

வெயிலில் வெடிக்காது. மழையில் ஊதாது. கரண்ட் போனாலும் நிற்காது, ஒரு சதுர பேட்டரி போதும். இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எழுதலாம்.

எழுத முடியாதது வேறு.

உன் காதைப் பற்றி அம்மாவுக்கு ஓரளவு தெரியும். “தகடு அடிக்கிற ஆளுங்க எல்லாருக்கும் கொஞ்சம் மந்தம்தான்” என்பாள். பவர் பிரஸ் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், டீக்கடையிலும், கல்யாண வீட்டிலும். எண்ணெய் துடைக்கக் கொடுக்கும் பனியன் வேஸ்ட்டைக் கிழித்து உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வாய். அதோடேயே வீட்டுக்கு வருவாய். வாசலிலேயே நிறுத்தி அம்மா அதை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். “தூ, இன்னா நாத்தம். இத எடுத்தாதான் மனுஷனாண்ட பேச முடியும்.” நீ குனிந்து காதைக் காட்டிக்கொண்டு நிற்பாய். உங்கள் இருவருக்கும் இடையில் நான் பார்த்த மிகப் பெரிய கொஞ்சல் அதுதான்.

அடைப்பை எடுத்துவிட்டால் உனக்குக் கேட்கும் என்று அம்மா நம்பினாள்.

சத்தத்தால் கெடும் காது மேலிருந்து கெடுகிறது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கீச்சென்று இருப்பதெல்லாம் முதலில் போகும். குருவி, சைக்கிள் மணி, குக்கர் விசில். அடுத்து குழந்தைகளின் குரல். அடுத்து பெண்களின் குரல். சொற்களில் ச, த, ப எல்லாம் உதிர்ந்து உயிரெழுத்து மட்டும் வந்து சேரும். கடைசிவரை நிற்பது அடித்தொண்டைதான்.

அம்மாவின் குரல் உனக்குத் தெரியுமே. கொடியில் துணி காயப்போடும் கிளிப்பு மாதிரி. மெல்லிசு. மேலே.

செல்லோ கீழே.

நான் இதை அறிவோடு தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்காதே. கல்லூரி விழாவில் ஒருத்தி வாசித்ததைக் கேட்டேன், நெஞ்சு எலும்பில் போய் நின்றது, ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். வயலின் மேல் ஆசைப்பட்டிருந்தால் உனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நீ பீரோவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் காதைக் காட்டி, கையை நீட்டினாய். ஹெட்போனைக் கழற்றி உன் தலையில் மாட்டினேன். வாசித்தேன்.

“கேக்குதா?”

“கேக்குது, கேக்குது.”

உன் முகம் அப்படியே இருந்தது. கொஞ்சம் கூட்டினேன். “கேக்குது” என்றாய். இன்னும் கூட்டினேன். அதே முகம். பிறகு நீயே கையை நீட்டி அந்தச் சின்ன வால்யூம் திருகைப் பிடித்தாய். கம்பெனியில் மெஷினுக்குப் பிடிக்கும் பிடி. திருகிக்கொண்டே போனாய். எனக்குப் பயமாக இருந்தது. அந்த அளவில் எனக்கு வைத்தால் வலி தாங்காது. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாய். நான் கடைசித் தந்தியில், இருப்பதிலேயே தடித்த தந்தியில், வில்லை வைத்து மெதுவாக இழுத்தேன்.

உன் வாய் திறந்தது.

“கேக்குது,” என்றாய்.

அதுவரை நீ சொன்ன எந்தக் ‘கேக்குது’வும் அந்தச் சொல் இல்லை. உன் காது எவ்வளவு போயிருக்கிறது என்று அந்தத் திருகைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்தது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று.

“அம்மாவாண்ட சொல்லாத,” என்றாய்.

“ஏன் நைனா? காதுக்கு மெஷின் வைக்கலாம். டாக்டராண்ட போலாம்.”

“மெஷின் வச்சா கம்பெனில தெரியும். காது போச்சுன்னா வாட்ச்மேனா கேட்டாண்ட உக்கார வச்சிருவான், அப்பறம் அங்கயும் வேணாம்பான். அது கெடக்கட்டும். உங்கம்மாக்குத் தெரிஞ்சா பாவமா பாப்பா. சத்தமா, நிறுத்தி நிறுத்தி, கொழந்தையாண்ட பேசுற மாதிரி பேசுவா. அதுக்கு அவ திட்டுறதே தேவல.”

“திட்டுறதுதான் உனக்குக் கேக்கலியே.”

“வாயி அசையுதுல்ல. அழகா இருக்கும்.”

இதை நான் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன், நைனா? சொல்லாதே என்றாய். என் வாத்தியத்துக்குச் சொல்லு என்று பேர் வைத்துவிட்டு, சொல்லாதே என்றாய்.

அதன்பிறகு ஞாயிறு மதியங்கள் உனக்கு. இரண்டு ஹெட்போன் மாட்டும்படி ஒரு பின் வாங்கி வந்தேன். சரிவரவில்லை. இரண்டுக்கும் ஒரே திருகு. உனக்குக் கேட்கும் அளவு எனக்கு இடி. என் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். நீ கேட்டாய், நான் வாசித்தேன். நான் என்ன வாசித்தேன் என்று எனக்குக் கேட்டதே இல்லை. மார்பில் அதிர்வு வரும். முட்டியில் வரும். மற்றதை உன் முகத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்வேன். நீ புருவத்தைச் சுருக்கினால் விரலைக் கொஞ்சம் நகர்த்துவேன். என் வாசிப்பைக் கேட்ட ஒரே ஆள் நீ. நான்கூட இல்லை.

“நீயும் கேளேம்மா,” என்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். “அதக் காதுல மாட்டிகினு என்னால உக்கார முடியாது. எனக்கு வேல கீது. நீங்க ரெண்டு பேரும் ஊமப்படம் ஓட்டுங்க,” என்பாள்.

நீ போன பிறகு பொங்கல்வரை நான் அதை எடுக்கவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. வாசிக்க வேண்டுமென்றால் ஹெட்போன் மாட்ட வேண்டும். ஹெட்போன் மாட்டினால் திருகைக் குறைக்க வேண்டும். அது நீ வைத்த இடத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் நீ தொட்டு, பிறகு யாரும் தொடாத ஒரே பொருள் அதுதான். உன் சட்டையை அம்மா துவைத்துவிட்டாள். உன் டம்ளரில் நான் குடிக்கிறேன். திருகு மட்டும் அப்படியே. வீட்டைப் பெருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

எழுத வாசிக்கத் தெரிந்தவள், நிறையப் படித்தவள், ஒரு பிளாஸ்டிக் திருகின் முன்னால் இப்படி நிற்கிறேன். என்ன செய்ய?

பொங்கலுக்கு வீடு கழுவும்போது அம்மா ஹெட்போனைக் கையில் எடுத்தாள். காது வைக்கும் பஞ்சில் உன் தேங்காயெண்ணெய் இன்னும் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கோபமாகிவிட்டாள்.

“ஞாயித்துக்கெழமன்னா இத மாட்டிகினு உக்காந்துருவாரே. நான் கூப்ட்டா திரும்ப மாட்டாரு, இது மட்டும் கேக்கும். இதுல அப்டி இன்னாதான் கேட்டாரு மனுஷன்?”

நான் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தேன்.

“சொல்லுடி.”

வாயால் சொல்லத்தான் சொன்னாள். நான் வாத்தியத்தை எடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. சொல்லாதே என்று நீ சொன்னது என் வாய்க்குத்தானே என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்மாவை உன் இடத்தில் உட்காரவைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். திருகைத் தொடவில்லை. கடைசித் தந்தியில் வில்லை வைத்து, முடிந்த அளவு மெதுவாக இழுத்தேன்.

அம்மா அலறிக்கொண்டு அதைப் பிடுங்கி மடியில் போட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“அய்யோ! இன்னாடி இது, மண்டையப் பொளக்குது! கொறைக்க முடியாதா?”

“முடியும்.”

“அப்ப கொறைச்சி வைக்க வேண்டியதுதான?”

“நைனா இப்டித்தான்மா கேட்டாரு.”

“எப்டி?”

“இவ்ளோ சத்தத்துல. இவ்ளோ வச்சாதான் அவருக்குக் கேட்டுச்சு.”

அம்மா என்னைப் பார்த்தாள். மடியில் கிடந்ததைப் பார்த்தாள். கை காதிலிருந்து இறங்கியது. வெளியே கோலப்பொடிக்காரர் கூவிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டி அடங்கியது.

“அப்ப நான் கூப்ட்டது?” என்றாள்.

நைனா, இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் நினைத்தேன், உண்மை தெரிந்தால் அம்மாவுக்கு மனசு ஆறும் என்று. நீ அவளை அலட்சியம் செய்யவில்லை, கோபத்தில் திரும்பாமல் போகவில்லை, உனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இது நல்ல செய்தி இல்லையா? படித்த மூளை இப்படித்தான் கணக்குப் போடுகிறது. கோபம்தான் அவளைக் காலையில் எழுப்பி உட்காரவைத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தோடு அரிசி களைந்தாள், கோபத்தோடு பூ வைத்தாள், கோபத்தோடு செருப்பை எறிந்தாள். அது போனதும் எல்லாம் நின்றுவிட்டது. உன் செருப்பை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்துவிட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

படுத்துக்கொண்டே கேட்பாள், எனக்கு முதுகைக் காட்டியபடி. “முந்துன வருஷம் தீபாவளிக்குச் சட்ட எடுத்தாந்தப்ப நல்லாகீதான்னு கேட்டேனே. ம்முன்னாரே. அது?” பிறகு இன்னொன்று. “எங்கம்மா செத்தப்ப ராவெல்லாம் பேசிகினு இருந்தேன்டி. பக்கத்துல படுத்துகினு ம் ம்முன்னு கேட்டுகினே இருந்தாரு. அது?”

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் நீ கேட்டதாக அவள் நம்பிய எல்லாவற்றையும். எதில் நீ இருந்தாய், எதில் இல்லை என்று. இருட்டில் உதடு தெரியாதே, நைனா. அன்றைக்கு நீ எதற்கு ‘ம்’ சொன்னாய்?

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் சொல்லாதே என்றாயா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குக்கர் வைத்தாள். பிறகு வெளியே வந்து, ஆணியில் மாட்டியிருந்த உன் டிபன் பையை எடுத்து, உள்ளே கைவிட்டாள். அடியில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்தாள். நீ கடைசியாக வைத்திருந்தது. எண்ணெய் காய்ந்து கறுப்பாக இருந்தது. கிழித்து, உருட்டி, காதில் அடைத்துக்கொண்டாள். உன்னைப் போலவே கட்டைவிரலால் அழுத்தினாள். எத்தனை வருஷம் அதைப் பிடுங்கிய விரல்கள். எப்படி அடைப்பது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

உன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பீரோவில் சாய்ந்து, காலை நீட்டி. மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“சொல்லு,” என்றாள் சத்தமாக. உன் சத்தத்தில்.

வாசித்தேன். நீ போன பிறகு முதல் முறை முழுதாக. திருகு நீ வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா அலறவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு இடத்தில் புருவத்தைச் சுருக்கினாள். நான் விரலை நகர்த்தினேன்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். காதில் அடைத்திருந்ததை எடுக்கவில்லை. அப்படியே நகர்ந்து தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இப்போது அவள் முதுகு எனக்கும் சமையலறைக்கும்.

“போயி உள்ளேந்து கூப்புடு,” என்றாள். “நான் கூப்புடுற மாதிரி.”

“வேணாம்மா.”

அவளுக்கு அது கேட்கவில்லை. காத்திருந்தாள்.

உள்ளே போனேன். குக்கர் சீறிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றேன். அந்தச் சொல்லை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அது என் சொல் இல்லை. அவள் குரலுக்கு என் குரலை உயர்த்திக்கொண்டு கூப்பிட்டேன்.

“ந்தா.”

அம்மாவின் முதுகு அசையவில்லை.

“ந்தா!”

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அதற்கும் அவள் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். எதற்கோ காத்திருப்பதுபோல. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். தொண்டை கிழியும்வரை கூப்பிட்டேன். நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது யாருடைய முதுகாகவும் இருக்கலாம், நைனா. இத்தனை வருஷம் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

கடைசியில் அவளாகவே திரும்பினாள்.

“கூப்ட்டியா?”

நான் தலையாட்டினேன்.

“நானும் கூப்ட்டேன்டி,” என்றாள், தெருவுக்கே கேட்கும் சத்தத்தில். தான் கத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. “நானும் அன்னிக்கு நல்லாதான் கூப்ட்டேன்.”

நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் தலையைக் குனிந்து காதைக் காட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்தேன்.

பூந்தமல்லிப் பெண்ணுக்கு இன்னும் பதில் போடவில்லை. எடை குறைவு, சத்தம் வெளியே வராது என்று மட்டும் அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன். மீதியை யாருக்கு எழுதினாலும் அது வசதி என்ற தலைப்பில் அடங்காது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பேட்டரி தீர்ந்தால் மாற்றுவேன், திருகைத் தொட மாட்டேன். ஞாயிறு மதியம் அம்மா கேட்டால் வாசிப்பேன், எனக்குக் கேட்காவிட்டாலும். இனி அவளை மட்டுமில்லை, யாரையும் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட மாட்டேன், நைனா. நடந்து சுற்றிப் போய் முன்னால் நின்று, உதடு தெரிகிற மாதிரிச் சொல்வேன்.

உன் முன்னால் வந்து நிற்க எனக்கு இடமில்லை. அதனால் இதை எழுதினேன்.

நீ ‘சொல்லு’ என்றால் வாசிக்கிற,
உன் பொண்ணு,
அமுதா